அலைவாய்க் கரையும் உந்துவிசிறியும்: சோழமண்டலக் கரைப் படகுகளில் உந்தமைப்பு மாற்றத்தின் வரலாறு

முன்னுரை

தமிழ்நாட்டுக் கடற்கரையில் மீன்பிடி படகுகள் இயந்திரமயமான வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை குதிரைத்திறன், யார் கொடுத்த கடன், யார் வாங்கினர், யார் வாங்க இயலாது நின்றனர் என்னும் வினாக்களே அவ்வரலாற்றை நடத்திச் செல்கின்றன. அவை தேவையான வினாக்களே. ஆயினும், எஞ்சினுக்கும் நீருக்கும் இடையே நிற்கும் ஒரு பொருள் அவ்வெழுத்துகளில் அரிதாகவே பேசப்படுகிறது. எஞ்சினில் பிறக்கும் சுழற்சியை நீருக்குக் கொண்டு செல்லும் தண்டு, பற்சக்கரப் பெட்டி, புரொப்பெல்லர் என வழங்கும் உந்துவிசிறி ஆகியவற்றின் தொகுதியே அப்பொருள். இக்கட்டுரையில் அதனை 'உந்தமைப்பு' என்று குறிப்பிடுகிறோம்.

படகிலே எந்த எஞ்சின் இருந்தது என்பதைவிட, அதன் விசிறியை நீரிலிருந்து மேலே தூக்க முடிந்ததா இல்லையா என்பதே சோழமண்டலக் கரையின் மீனவர் ஊர்களுடைய பிற்கால வாழ்வைப் பெரிதும் முடிவு செய்தது என்பது நமது கருத்து. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலேசியாவில் வாழும் நமக்கு இவ்வினா எளிதில் எழுவதில்லை. ஜொகூரில் பெர்மாஸ் ஜெயாவை ஒட்டிய செனிபோங் கரையை எடுத்துக்கொள்வோம். முன்னே இருப்பது ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட தெப்ராவ் நீரிணை. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட பாலக்கரை அந்நீரிணையை இரண்டாகப் பிரித்த பின்னர், அதன் நீர் முன்னினும் அடங்கியது. மீன்பிடிப்போரின் புறப்பொருத்து எஞ்சின் படகுகளும், அண்மைக்காலப் படகுத்துறையில் நிற்கும் உல்லாசப் படகுகளும் ஒரே நீரைப் பகிர்கின்றன. இத்தகைய நீரில் உந்தமைப்பை மாற்றியமைப்பவர் நாடும் பயன்கள் இரண்டு: வேகம், திருப்பத்தில் பிடிப்பு. வற்றிய வேளையில் சேற்றில் சிக்காதிருக்க எஞ்சினைச் சற்றே சாய்த்து நிறுத்துவது உண்டு. ஆனால் அது உயிர்போகும் செய்தி அன்று. வங்கக் கடலின் மேற்குக் கரையில் மீனவர் எதிர்கொண்டது வேறு. அங்கே வேகமும் பிடிப்பும் வேண்டும். அவற்றுடன், அலை உடையும் இடத்தைக் கடந்து மணலில் ஏறும் நொடியில் விசிறி இல்லாமற்போகவும் வேண்டும்.

விசிறியின் கணக்கு

திருகு வடிவ உந்துவிசிறிக்கான முதன்மைக் காப்புரிமைகளை 1836-இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தும் ஜான் எரிக்சனும் பெற்றனர். 1845-இல் பிரித்தானியக் கடற்படை, விசிறி பூட்டிய ராட்லர் என்னும் கப்பலையும் பக்கச் சக்கரம் பூட்டிய அலெக்டோ என்னும் கப்பலையும் பின்புறம் பின்புறமாகக் கட்டி இழுக்க விட்டது. ராட்லர் அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. பள்ளிநூல்கள் வரை சென்ற நிகழ்ச்சி இது. எனினும், ராட்லரின் எஞ்சின் அப்போட்டியில் மிகுந்த திறனை வெளியிட்டது என்பதால் அதனை நடுநிலையான சோதனை எனக் கொள்வதற்கில்லை. கடற்படை அதற்கு முன்பே விசிறியின் பக்கம் சாய்ந்துவிட்டது. அன்று நடந்தது ஊரறியச் செய்த ஒரு காட்சியே எனலாம்.

நமது வினாவுக்கு அதனினும் பொருத்தமான சான்று டர்பீனியா. சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் கடலில் இறக்கிய இந்நீராவிக் கலம், ஒரே தண்டும் ஒரே விசிறியுமாக இருந்தபோது எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. மிகு வேகத்தில் சுழன்ற விசிறி, நீரைத் தள்ளுவதற்கு மாறாக நீரிலே வெற்றிடக் குமிழிகளை உண்டாக்கிக்கொண்டு வீணே சுழன்றது. பார்சன்ஸ் டர்பைனைப் பிரித்து மூன்றாக்கினார், தண்டுகளையும் மூன்றாக்கினார், ஒவ்வொரு தண்டிலும் மும்மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பூட்டினார். 1897-இல் விக்டோரியா பேரரசியின் மணிவிழாக் கடற்படை அணிவகுப்பில் மணிக்கு ஏறத்தாழ 34 கடல்மைல் வேகத்தில் ஓடி, துரத்திய காவற்படகுகளை அக்கலம் பின்தள்ளியது. ஆற்றல் எவ்வளவு இருப்பினும் அது நீரைப் பற்றும் இடத்தில் தவறினால் பயனில்லை என்பதைக் கப்பல் கட்டுவோர் அன்றே அறிந்தனர்.

விசிறியின் கணக்கு எளியது. ஒரு முழுச் சுற்றில் அது கெட்டியான பொருளினுள் திருகாணிபோல் எவ்வளவு முன்னேறுமோ அத்தொலைவு அதன் 'புரியிடை'. புரியிடை 13 அங்குலமாக உள்ள விசிறி, நிமிடத்திற்கு 5000 சுற்று சுழலும் எஞ்சினுடன் இரண்டுக்கு ஒன்று எனக் குறைக்கும் பற்சக்கரத்தின் வழியாகப் பூட்டப்பட்டால், நிமிடத்திற்கு 2500 சுற்று சுழலும். அதன்படி மணிக்கு ஏறத்தாழ 27 கடல்மைல் செல்ல வேண்டும். நீர் கெட்டிப் பொருள் அன்று. ஆதலின் நழுவல் போக எஞ்சியதே உண்மை வேகம். இலேசான உல்லாசப் படகில் நழுவல் குறைவு. வலையும் மீனும் பனிக்கட்டியும் ஏற்றிய படகில் அதே விசிறி நீரைக் கலக்குமேயன்றிப் படகைத் தள்ளாது. கனத்த படகுக்குப் பெரிய விட்டமும் மெதுவான சுழற்சியும் உடைய விசிறியே ஏற்றது.

இன்னொரு வரம்பும் உண்டு. நீரைக் கிழித்துச் செல்லும் வகைப் படகின் வேகம் அதன் நீர்க்கோட்டு நீளத்தால் கட்டுண்டது. அடியில் அளந்த நீளத்தின் இருமடி மூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கிடைப்பது கடல்மைல் கணக்கில் அதன் இயல்பான உச்ச வேகம். 25 அடிப் படகுக்கு அது 6.7. அதற்கு மேல் எஞ்சினைப் பெரிதாக்குவது எண்ணெயை அலையாக மாற்றுவதே. நீர்மேல் எழுந்து வழுக்கிச் செல்லும் தட்டையான, இலேசான அடிப்பகுதி உடைய படகே இவ்வரம்பைத் தாண்டும். மீனவரிடையே குதிரைத்திறன் போட்டியைப் பேசும் ஆய்வுகள் இக்கணக்கை உடன் வைத்துப் பேசின் நலம்.

அலைவாய்க் கரை

பாக் நீரிணைக்கு வடக்கே கோடிக்கரையிலிருந்து பழவேற்காடு வரையிலும், தெற்கே குமரி மேற்குக் கரையிலும், கடல் நேராக மணலில் வந்து மோதுகிறது. இயற்கைத் துறைமுகம் மிகக் குறைவு. சென்னைக்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பயணியரும் சரக்கும் மாசுலாப் படகுகளில் அலையைக் கடந்து கரையேறினர். மாசுலாவின் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை அடிக்கும்போது நெளிந்து கொடுக்கும். கட்டுமரமோ படகே அன்று. மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. நீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் அதற்கு ஒன்றே. கவிழ்ந்தாலும் மூழ்காது, கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து உலர்த்தலாம்.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றிய நூலில் இக்கலங்களை விரிவாக விளக்கியுள்ளார். ஆங்கில வாசகர் கட்டுமரம் என்னும் சொல்லை 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூல் காலத்திலிருந்தே அறிவர். பின்னாளில் அச்சொல் இரட்டையுடல் படகுக்கு ஆகிவந்தது. பெர்மாஸ் ஜெயாப் படகுத்துறையில் 'கட்டமரான்' என்று இன்று எவரேனும் சொன்னால், அது நம் கட்டுமரத்தின் பெயரே தவிர வடிவம் அன்று.

நம் முன்னோர் பலர் இவ்வலைவாயைத் தம் உடம்பால் அறிந்தவர்கள். 1926-இல் கட்டப்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஓடிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள், முதலில் படகில் கடலுக்குள் சென்றே கப்பலைப் பிடித்தனர். நீராவிக் கப்பலின் விசிறி கரைக்கு வர இயலாததால் கரைதான் கப்பலிடம் சென்றது. உந்தமைப்பு பற்றிய இக்கட்டுரைக்கு அந்தச் சிறு படகுப் பயணம் புறம்பானது அன்று.

நிலைத்த தண்டும் அதன் விளைவும்

1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, 1953-இல் திருவிதாங்கூர்-கொச்சியில் கொல்லத்திற்கு அருகே நீண்டகரையை மையமாகக் கொண்டு இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கியது. குமரி மாவட்டப் பகுதி அப்போது அந்த மாநிலத்தையே சார்ந்திருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்துவது தொடக்க எண்ணம். அது தொழில்நுட்ப வகையில் இயலாததாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது. புதிய வகைப் படகுகள் வடிவமைக்கப்பட்டன. அர்னே மார்ட்டின் கிளாவ்சனும் பின்னர் ஜான் குரியனும் இத்திட்டத்தின் சமூக விளைவுகளை ஆழமாக ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க, ஜப்பானியச் சந்தைகளில் இறால் விலை ஏறியதே இழுவலைப் படகுகளைப் பெருக்கிற்று என்னும் குரியனின் விளக்கம் மறுக்க இயலாதது.

நாம் அதனோடு சேர்க்க விழைவது ஒன்று. படகின் வயிற்றினுள் நிலையாக அமர்த்திய எஞ்சின், அடிக்கட்டையைத் துளைத்து வெளிவரும் தண்டு, அதன் முனையில் படகின் அடிமட்டத்தில் சுழலும் விசிறி, அதன் பின்னே சுக்கான் என்பதே புதிய படகின் அமைப்பு. அதன் உந்து திறன் சிறந்தது. பெரிய விட்டமுள்ள விசிறியை மெதுவாகச் சுழற்றலாம். வலையை இழுக்க அதுவே தக்கது. ஆனால் மணலில் ஏற்ற முடியாது. ஏற்ற முயன்றால் முதலில் முறிவது விசிறி. அடுத்து வளைவது தண்டு. எனவே அப்படகுக்குத் துறைமுகமோ முகத்துவாரமோ காயலோ வேண்டும். தமிழ்நாட்டில் அது நிலைகொண்ட இடங்களைப் பார்த்தால் இவ்வுண்மை புலப்படும். சென்னையில் காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற இடங்களில் துறைமுகமோ ஆற்று முகமோ உண்டு. இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் தரும் காற்று மறைவே துறைமுகம். படகுகள் கரையருகே நங்கூரமிட்டு நிற்கும்.

திறந்த மணற்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான ஊர்கள் இவ்வமைப்பால் வெளியே நிறுத்தப்பட்டன. படகு வாங்கப் பணம் இருந்தவனும் அதைத் தன் ஊரில் நிறுத்த இயலாது. துறைமுக ஊருக்குக் குடிபெயர வேண்டும். பிடித்த மீன் ஊர்க்கரையில் இறங்காது. ஆதலால் அங்கே கூறுகட்டி விற்ற பெண்களின் தொழிலும் துறைமுகத்தை நோக்கி இடம்பெயர்ந்தது. எஞ்சின் வந்ததால் இது நிகழ்ந்தது என்பர். தூக்க முடியாத விசிறி வந்ததால் நிகழ்ந்தது என்பதே நம் கருத்து.

தமிழ்ப் புனைகதை இம்மோதலை ஆய்வாளர்க்கு முன்பே கண்டுகொண்டது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இல் வெளிவந்தது. லாஞ்சு வைத்திருப்போருக்கும் நாட்டுப் படகுக்காரர்களுக்கும் இடையேயான பகை அந்நாவலின் முக்கிய இழைகளுள் ஒன்று. வகுப்பறையில் அந்நாவலை நாம் பெரும்பாலும் காதலும் குடும்பமுமாகவே கற்பித்து வருகிறோம். 'லாஞ்சு' என்னும் அச்சொல்லின் பின்னே இருக்கும் பொருளியலை மாணவர்க்கு விளக்குவோர் சிலரே. 1970களின் இறுதியில் சென்னைக் கரையிலும் பிற இடங்களிலும் மோதல்கள் முற்றிய பின்னரே, 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் தொலைவு மரபுவழிக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இச்சட்டத்தின் நடைமுறையை மார்ட்டன் பாவிங்க் 2001-இல் வெளிவந்த நூலிலும், குமரி மாவட்ட நிலையை அஜந்தா சுப்பிரமணியன் 2009-இல் வெளிவந்த நூலிலும் விரித்துரைத்துள்ளனர்.

தொங்கும் எஞ்சின்

நிலைத்த தண்டுக்கு மாற்றாக முதலில் வந்தது புறப்பொருத்து எஞ்சின். ஓலே எவின்ரூட் 1909-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் இவ்வகைக்கு வணிக வெற்றியைத் தந்தது. எஞ்சின், செங்குத்துத் தண்டு, பற்சக்கரம், விசிறி எல்லாம் ஒரே தொகுதி. படகின் பின்பலகையில் மாட்டலாம், சாய்க்கலாம், கழற்றி வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். சுக்கான் வேண்டியதில்லை, விசிறியே திசை திரும்புகிறது.

இலங்கையின் வடக்கில் இவ்வகை விரைவில் வேரூன்றியது. 1960களின் பிற்பகுதியில் நார்வே உதவியுடன் தொடங்கிய சீ-நோர் அமைப்பு, காரைநகரில் படகுகட்டும் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியது. காரைநகர்த் தளத்தில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. இலேசான கண்ணாடியிழை உடலும் புறப்பொருத்து எஞ்சினும் சேர்ந்ததே யாழ்ப்பாணக் கரையின் வழக்கமான படகு ஆயிற்று. போர்க்காலத்தில் எஞ்சினின் குதிரைத்திறனுக்கே அரசு வரம்பு விதித்தது. வேகம் என்பது அங்கே பாதுகாப்புத் துறையின் கணக்காகிவிட்டது. 2009-இல் போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, அதே நீரில் இராமேசுவரத்து இழுவலைப் படகுகளை எதிர்கொண்டனர். இலங்கை 2017-இல் இழுவலை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடைசெய்தது. இரு நாட்டுச் சிக்கலாகப் பேசப்படும் இது, பொறியியல் நோக்கில் நிலைத்த தண்டுக்கும் தொங்கும் எஞ்சினுக்கும் இடையேயான மோதலும் ஆகும். ஒன்று கனத்த வலையைக் கடல் தரையில் இழுப்பதற்கென அமைந்தது. மற்றொன்று சிறு வலையை விரித்துவிட்டு விரைந்து திரும்புவதற்கென அமைந்தது.

குமரிக் கரையில் புறப்பொருத்து எஞ்சின் பரவியது 1980களில். 1980-இல் உருவாகித் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, எஞ்சின்களை வழங்குவதிலும் பழுதுபார்ப்பதிலும் பெரும்பங்கு வகித்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே, முட்டத்தில் ஒட்டுப்பலகையால் கரையேறும் சிறு படகுகளைக் கட்டும் முறையை வளர்த்தார். 1985-இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பு 'சிறியது கடினமானது' என்னும் பொருளில் அமைந்தது. அன்று உலகெங்கும் ஒலித்த 'சிறியதே அழகு' என்னும் முழக்கத்திற்குக் களத்தில் நின்ற ஒருவர் அளித்த நயமான மறுமொழி அது.

இவ்வகையின் குறை அதன் விசிறியிலேயே இருந்தது. இலேசான படகை விரைந்து ஓட்டுவதற்கென அமைந்த எஞ்சின், சிறிய விசிறியை மிகு வேகத்தில் சுழற்றுகிறது. கனத்த வள்ளத்தில் பூட்டும்போது நழுவல் மிகுகிறது, எண்ணெய் கரைகிறது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகையே வழக்கத்திற்கு வந்தது. ஆதலால் மீனவர் வாழ்வு மானிய மண்ணெண்ணெயின் ஒதுக்கீட்டோடு பிணைந்தது. கட்டுமரத்தில் பூட்டியபோது வேறோர் இடர்: பின்பலகையே இல்லாத மிதவையில், நீர்மட்டத்திற்குச் சற்றே மேலே தொங்கும் எஞ்சினை ஒரே அலை நனைத்துவிடும்.

சாயும் பெட்டி

உல்லாசப் படகுகளின் உலகம் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டிருந்தது. சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959-இல் அக்வாமாட்டிக் என்னும் உந்தமைப்பை அறிமுகப்படுத்தியது. எஞ்சின் படகினுள் நிலையாக இருக்கும்; பின்பலகைக்கு வெளியே விசிறியைத் தாங்கும் 'கால்' மட்டும் திரும்பவும் சாயவும் செய்யும். அதே நிறுவனம் 1982-இல், ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரு விசிறிகளை உடைய வகையை வெளியிட்டது. ஒற்றை விசிறி தான் சுழலும் திசைக்கேற்பப் படகின் பின்புறத்தை ஒருபக்கமாக இழுக்கும். இரட்டை விசிறியில் அவ்விழுப்புகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. நேரோட்டமும் திருப்பப் பிடிப்பும் மேம்படுகின்றன. ஆனால் இத்தகைய காலினுள் அமைந்த கூம்புப் பற்சக்கரங்களும் இணைப்பு மூட்டுகளும் விலை மிக்கவை. மணல் கலந்த உப்புநீரில் பராமரிக்க அரியவை.

சோழமண்டலக் கரைக்கு ஏற்ற விடையைத் தேடியது வங்காள விரிகுடாத் திட்டம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, சுவீடன் அரசின் நிதியுதவியுடன் 1979-இல் சென்னையில் இதனைத் தொடங்கியது. தொடக்க உறுப்பு நாடுகளான வங்காளதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகியவற்றுடன் மலேசியாவும் இருந்தது. மலேசியத் தமிழ் ஆய்வுலகில் இத்திட்டம் பற்றிய குறிப்பு அரிது. நம் மீன்வளத் துறையும் பங்கு கொண்ட ஒரு முயற்சி என்பதால் அது வருந்தத்தக்கது.

நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓய்வின்ட் குல்பிரான்ட்சனும் உடன் பணியாற்றிய இந்தியப் பொறியாளர்களும், கரையேறும் படகுகளைத் தொடர்ந்து வடிவமைத்துக் கடலில் சோதித்தனர். அவற்றுள் ஐ.என்.டி.-20 என்னும் எண் பெற்ற வகை, ஆந்திரம், ஒரிசா கரைகளில் மிகுதியாக அறியப்பட்டது. அதற்கென உருவானதே 'பாப் டிரைவ்' எனப்பட்ட உந்தமைப்பு; திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அப்பெயர். பத்துக் குதிரைத்திறனுக்கும் குறைந்த ஒரு டீசல் எஞ்சின், அதனோடு நேர்கோட்டில் இணைந்த தண்டு, முனையில் விசிறி ஆகிய மூன்றும் ஒரே விறைப்பான சட்டத்தில் அமர்த்தப்பட்டன. அச்சட்டம் முழுவதும் ஒரு குறுக்கு அச்சில், சிறுவர் ஏறி விளையாடும் ஏற்ற இறக்கப் பலகைபோல் ஆடும். எஞ்சின் பக்கத்தை உள்ளே அழுத்தினால் வெளியே விசிறி மேலெழும். தண்டு படகின் உடலைக் கடந்து வெளிவரும் இடத்தில், துருத்தி போன்று மடிந்து விரியும் ரப்பர் உறை நீர் புகாமல் காத்தது.

இதன் சிறப்பு எளிமையில் உள்ளது. அக்வாமாட்டிக்கில் எஞ்சினை அசைக்காமல் காலை மட்டும் சாய்க்க வேண்டியிருந்ததால் பற்சக்கரங்களும் மூட்டுகளும் தேவைப்பட்டன. எஞ்சினையும் சேர்த்தே சாய்த்துவிட்டால் அவை எவையும் வேண்டா. தண்டு ஒரே நேர்கம்பி. சிறிய டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால், கனத்த படகுக்கு ஏற்ற பெரிய விசிறியையும் பூட்டலாம். அலை உடையும் வரை முழு ஆற்றலுடன் வந்து, தரை தட்டும் வேளையில் விசிறியைத் தூக்கிவிட்டு, அலையின் தள்ளுதலிலேயே மணலேறலாம். உந்து திறனும் கரையேறும் தன்மையும் ஒருங்கே வாய்த்த அமைப்பு இது. இவ்வரலாற்றில் வரும் உந்தமைப்புகள் அனைத்திலும் அறிவால் மிகச் சிறந்தது இதுவே என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் தமிழ்நாட்டுக் கரையை அது வெல்லவில்லை. மூன்று காரணங்களைச் சுட்டலாம். கட்டுமரத்தோடு ஒப்பிட அப்படகின் விலை பன்மடங்கு. கடனும் மானியமும் இன்றி அது கரைக்கு வாராது. ரப்பர் உறை கிழிந்தால் ஊர்ப் பட்டறையில் மாற்று இல்லை. இவற்றினும் முதன்மையானது காலம். நிலைத்த தண்டு 1950களில் வந்தது. சாயும் பெட்டி வந்ததோ 1980களில். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. வணிகர், பனிக்கட்டி ஆலை, ஏற்றுமதி நிறுவனம் ஆகியன அவற்றைச் சுற்றி அமைந்துவிட்டன. நீண்டகரையில் 1953-இலேயே எவரேனும் எஞ்சினோடு சேர்த்துத் தண்டைச் சாய்த்திருந்தால் என்னும் வினா வரலாற்று முறைக்கு ஒவ்வாதது என்பர். ஆனால் அதற்கு வேண்டிய பொருள்களுள் எதுவும் அன்று இல்லாதது அன்று. கயிறும் ரப்பரும் ஓர் அச்சாணியும் இருந்தன. கரையைப் படகுக்கு ஏற்ப மாற்றுவதே வளர்ச்சி என்னும் எண்ணமே அன்று மேலோங்கி இருந்தது.

நீண்ட வால்

கரை ஏற்றுக்கொண்டது, பொறியாளர் எவரும் பெரிதாகப் போற்றாத ஓர் அமைப்பையே. தாய்லாந்தின் ஆறுகளிலும் மலேசியாவின் வட கரையிலும் பழகிய நீள்வால் எஞ்சின் அது. சாதாரண டீசல் எஞ்சின் ஒன்றைப் பின்பலகையின்மேல் சுழலும் தாங்கியில் வைத்து, அதிலிருந்து பல அடி நீளமுள்ள நேர்த்தண்டைப் பின்னோக்கி நீட்டி, முனையில் விசிறியைப் பூட்டுவதே அதன் முழு இரகசியம். கைப்பிடியை அழுத்தினால் விசிறி நீருக்கு மேலே எழும். பக்கவாட்டில் தள்ளினால் படகு திரும்பும். உடலில் துளை இல்லை, ரப்பர் உறை இல்லை, சுக்கான் இல்லை. எஞ்சினுக்கு வேண்டிய உதிரிப்பொருள் இறைப்பு எஞ்சின் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும். தண்டு சாய்ந்து நிற்பதால் உந்துவிசையின் ஒரு பகுதி வீணாகிறது. காவலின்றிச் சுழலும் விசிறி ஆளையும் வலையையும் வெட்டும். இக்குறைகளை மீனவர் அறிந்தே ஏற்றனர்.

2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை இம்மாற்றத்தை முடுக்கிவிட்டது. அழிந்த கட்டுமரங்களுக்கு ஈடாக அரசும் தொண்டு நிறுவனங்களும் கண்ணாடியிழைப் படகுகளைத் திரளாக வழங்கின. தேவைக்கு மிஞ்சியே வழங்கின என்பதைப் பல மதிப்பீடுகள் பதிவு செய்துள்ளன. கரையேறும் கண்ணாடியிழைப் படகுக்கு மீனவர் அதற்கு முன்பே 'மாருதி' என்று பெயரிட்டிருந்தனர். நடுத்தர மக்கள் வாங்கக்கூடிய முதல் காரின் பெயர் படகுக்கு வந்தது. இதனினும் கூர்மையான பொருளியல் விளக்கத்தை ஆய்வாளரும் தர இயலாது. மாருதியின் பின்னே டீசல் எஞ்சினின் நீண்ட வால். திறந்த மணற்கரை ஊர்கள் தம் கரையிலேயே எஞ்சின் படகை நிறுத்தும் நிலையை மீண்டும் பெற்றன. அதற்கு விலையாகக் கட்டுமரத்தின் மரமும் பாயும், அவற்றைக் கட்டும் கைத்திறனும் போயின.

சொல்லும் வகைப்பாடும்

தமிழாசிரியர்க்கு இவ்வரலாற்றில் மற்றொரு பயனும் உண்டு. தமிழ்நாட்டு வழக்கில் 'விசைப்படகு', 'நாட்டுப்படகு' என இரு வகை. விசை என்பது எஞ்சின் எனக் கொண்டால், டீசல் எஞ்சின் பூட்டிய மாருதி விசைப்படகாக வேண்டும். ஆனால் கரையில் அதனை நாட்டுப்படகு என்றே வழங்குகின்றனர். அலுவல்முறைப் புள்ளிவிவரம் எஞ்சினை மீன்பிடி வேலைக்கும் பயன்படுத்துவதா, ஓட்டுவதற்கு மட்டுமா என்று பிரிக்கிறது. மக்கள் வழக்கோ அதனினும் நுட்பமானது. எஞ்சின் உடலோடு நிலைத்து, துறையை விட்டு நீங்க இயலாதது விசைப்படகு. எஞ்சின் இருப்பினும் ஊர்க்கரையில் ஏறுவது நாட்டுப்படகு. 'நாடு' என்பதற்கு இங்கே ஊர், மண் என்னும் பழம்பொருளே உயிரோடு நிற்கிறது.

மலாய்மொழி இதனை நேராகவே சொல்லிவிடுகிறது. மலேசிய மீன்வளத் துறையின் வழக்கில் 'என்ஜின் டாலாம்' உள்ளே இருக்கும் எஞ்சின். 'என்ஜின் சங்குட்' தொங்கும் எஞ்சின். குதிரைத்திறனைக் கொண்டன்றி, உந்தமைப்பு அமைந்த இடத்தைக் கொண்டே வகைப்படுத்தல். மலேசியாவிலும் 1960, 70களில் மேற்குக் கரையில் இழுவலைப் படகுகளுக்கும் சிறு மீனவருக்கும் இடையே கடும் மோதல்கள் நிகழ்ந்தன. 1980களின் தொடக்கத்தில் கரையிலிருந்து ஐந்து கடல்மைல் வரையிலான பகுதி மரபுவழி மீன்பிடிப்புக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தின் மூன்று கடல்மைலோடு இதனை ஒப்பிட்டு ஆராய்வது தனிக் கட்டுரைக்குரியது.

சுக்கான் என்பது அரபுமொழியிலிருந்து வந்து தமிழில் நிலைத்த சொல். புறப்பொருத்து எஞ்சினிலும் நீள்வாலிலும் உந்துவதும் திருப்புவதும் ஒரே கைப்பிடியாகிவிட்டன. சுக்கான் என்னும் தனி உறுப்பு அங்கு இல்லை. ஆயினும் நம் மேடைகளிலும் தலையங்கங்களிலும் தலைவர்கள் இன்னும் 'சுக்கான் பிடித்து' வருகின்றனர். செனிபோங்கில் மாலையில் புறப்படும் படகோட்டியின் கையில் இருப்பது விசைமுறுக்கியோடு கூடிய ஒற்றைக் கைப்பிடி. அதற்கு வழக்கில் ஊன்றிய தமிழ்ச்சொல் ஒன்றைக் கலைச்சொல் தொகுதிகளில் நாம் இதுவரை காணவில்லை.